ஆலன் டேவன்போர்ட்: சென்னையில் பிறந்த காற்றுப் பொறியாளரைப் பற்றி நாம் ஏன் பேசுவதே இல்லை?

கட்டுமானன் | ஞாயிறு, காலை 7.40

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் போன வாரம் கேட்டான்: "சார், காற்று விசைக் கணக்கில் இந்த ஜி என்று ஒன்று வருகிறதே, அதை யார் கண்டுபிடித்தது?" இருபத்தெட்டு வருடங்களாக அந்தச் சூத்திரத்தைப் போட்டுக் கட்டடம் கட்டிப் பிழைக்கிறேன். காற்று விசைக்கான இந்திய விதிநூல், ஐஎஸ் 875, மூன்றாம் பகுதி, முன்பு 1987, இப்போது 2015. பக்கம் எது, வரைபடம் எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் அவன் கேட்டதற்கு "டேவன்போர்ட் என்று ஒருவர்" என்பதற்கு மேல் வாயில் எதுவும் வரவில்லை. வெட்கமாக இருந்தது. அன்று இரவே உட்கார்ந்து படித்தேன்.

ஆலன் கார்னெட் டேவன்போர்ட். பிறந்தது 1932 செப்டம்பர் 19, சென்னையில், அதாவது அன்றைய மதராஸில். வளர்ந்தது தென் ஆப்பிரிக்காவில். கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்துவிட்டுக் கனடாவுக்குப் போனார். டொராண்டோவில் முதுகலை, ஒட்டாவாவில் தேசிய ஆய்வுக் கழகத்தில் சிறிது காலம், பிறகு இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 1961இல் முனைவர் பட்டம். நடுவில் கனடாக் கடற்படையில் விமானியாகவும் இருந்திருக்கிறார். பிறகு ஒன்டாரியோ மாகாணத்து லண்டன் நகரில், வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1965இல் எல்லைப்படலக் காற்றுக்குகை ஆய்வகத்தை, அதாவது தரையோரக் காற்றைப் போலவே உள்ளே வீசவைத்துக் கட்டட மாதிரிகளைச் சோதிக்கும் இடத்தை, தொடங்கினார். கடைசிவரை அங்கேதான். 2009 ஜூலை 19 அன்று இறந்தபோது வயது 77.

நியூயார்க் இரட்டைக் கோபுரம், சிகாகோவின் சியர்ஸ் கோபுரம், டொராண்டோவின் சிஎன் கோபுரம், பிரான்சின் நார்மண்டி பாலம், டென்மார்க்கின் பெரும் பெல்ட் பாலம், ஹாங்காங்கின் சிங் மா பாலம் என்று அவருடைய கையோ அவருடைய ஆய்வகத்தின் கையோ பட்டவை ஒரு பெரிய பட்டியல். இத்தாலியின் மெசினா நீரிணையில் 3,300 மீட்டர் நடுத்தாவலுடன் (இரண்டு தாங்குகோபுரங்களுக்கு நடுவே உள்ள நீளம்) தொங்குபாலம் போடலாமா என்ற பழைய யோசனையிலும் அவர் உண்டு.

இப்படி ஒருவரைப் பற்றித் தமிழில் நாலு வரி தேடினேன், அகப்படவில்லை. இங்கே கட்டுமானத் துறையினர் பலர் இருக்கிறீர்கள். தெரிந்ததை எழுதுங்கள்.

---

சந்தேகப் பிராணி | ஞாயிறு, காலை 8.15

முதலில் ஒரு திருத்தம். 1932 செப்டம்பரில் பிறந்து 2009 ஜூலையில் இறந்தவருக்கு வயது 76. விசைக் கணக்கை இதைவிடக் கவனமாகப் போடுவீர்கள் என்று நம்புகிறேன்.

இரண்டாவது, "சென்னையில் பிறந்தவர்" என்று மார்தட்டுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. வெள்ளைக்கார ஆட்சியில் ஆயிரக்கணக்கான வெள்ளைக்காரக் குழந்தைகள் இங்கே பிறந்தார்கள். பிறந்த ஊர் ஒரு தற்செயல். தமிழோடு அவருக்கு எந்த ஒட்டும் இல்லை. மயிலாப்பூர் கிளினிக்கில் பிறந்து அமெரிக்கா போனவரை எல்லாம் உரிமை கொண்டாடிக்கொண்டிருக்கிறோம், இப்போது இவருமா?

மூன்றாவது, நீங்கள் போட்ட பட்டியலில் பாதி கோபுரம். இவரைப் பாலப் பொறியாளர் என்று சொல்ல முடியுமா?

---

கட்டுமானன் | ஞாயிறு, காலை 8.31

வயது திருத்தம் ஏற்றுக்கொண்டேன். முதல் பதிவை மாற்றாமல் விடுகிறேன், என் மானம் போனதற்கு அதுவே சாட்சியாக இருக்கட்டும்.

பிறப்பு விஷயத்தில் நீங்கள் சொல்வதும் சரி. தலைப்பில் அதைப் போட்டது ஆள் பிடிக்கத்தான். ஆனால் ஒட்டே இல்லை என்று சொல்லாதீர்கள். சென்னையில் ஐம்பது மாடிக்கு ஒரு பிளான் கொடுத்தால், நொடிக்கு 50 மீட்டர் அடிப்படைக் காற்று வேகம் என்று தொடங்கி நான் போடும் கணக்கின் முதுகெலும்பு அவருடையது. அவர் பிறந்த ஊரின் கட்டடங்களே அவர் கணக்கில்தான் நிற்கின்றன. எனக்கு அந்த ஒட்டுப் போதும்.

பாலத்துக்கு வாருங்கள். அவருடைய முனைவர் பட்ட ஆய்வே உயரமான கோபுரங்களையும் நீண்ட பாலங்களையும் கொந்தளிப்பான காற்றில் எப்படிக் கணக்கிடுவது என்பதுதான். கனடாவில் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தின் குறுகலில் 1970இல் திறந்த தொங்குபாலத்துக்கு அவரும் அவருடைய குழுவும் ஒரு புது மாதிரியைச் செய்தார்கள். இரண்டு கம்பிகளைக் காற்றுக்குகையின் குறுக்கே விறைப்பாக இழுத்துக்கட்டி, அதன்மேல் பாலத்தளத்தை மெல்லிய துண்டு துண்டாகக் கோத்துவிடுவது. கம்பியின் விறைப்பைக் கூட்டிக் குறைத்தால் அசல் பாலத்தின் ஆட்டம் அதில் வந்துவிடும். முழுப் பாலத்தையும் கோபுரம், வடம் எல்லாம் வைத்துச் சிறிதாகச் செய்வதைவிடச் செலவு மிகவும் குறைவு. பாலம் முடிந்த பிறகு மட்டுமல்ல, கட்டிக்கொண்டிருக்கும்போது, பாதித் தளம் தொங்கிக்கொண்டிருக்கும்போது, காற்று என்ன செய்யும் என்பதையும் பார்த்தார்கள். தொங்குபாலத்துக்கு ஆபத்தான காலம் அதுதான்.

---

பாம்பன் பெரியவர் | ஞாயிறு, காலை 11.05

எனக்குப் பொறியியல் தெரியாது. ரயில்வேயில் முப்பத்தாறு வருடம் இருந்து ஓய்வுபெற்றவன். பேத்தி இந்த இழையைப் படித்துக் காட்டினாள். காற்று, பாலம் என்றதும் எழுதத் தோன்றியது.

பழைய பாம்பன் பாலத்தில் காற்றுமானி ஒன்று வைத்திருந்தார்கள். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பாகிவிடும். எந்த அதிகாரி வந்து சொன்னாலும் வண்டி நகராது. மண்டபத்தில் வண்டி நிற்கும். ராமேஸ்வரத்துக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போகிறவர்கள் நேரமாகிறது என்று எங்களைத் திட்டுவார்கள். வெளியே பார்த்தால் வெயில் காய்ந்துகொண்டிருக்கும், மரம் ஒன்றும் பெரிதாக ஆடாது. "எங்கே ஐயா காற்று?" என்பார்கள். பாலத்தின் நடுவில் போய் நின்றால்தான் தெரியும். மண்டபத்தில் சட்டை ஆடும், பாலத்தில் ஆளே ஆடுவான்.

இன்னொன்று, காற்று ஒரே சீராக வராது. ஓர் அடி அடிக்கும், மூச்சு விடும், இரண்டு சின்ன அடி, அப்புறம் ஒரு பெரிய அடி. முள் 40இல் நிற்கும், 62க்குத் துள்ளும், 35க்கு விழும். எங்கள் கடற்கரை ஆட்கள் காற்றை வேகத்தால் பேச மாட்டார்கள். மேற்கிலிருந்து வருவது கச்சான், வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து சோழகம், கிழக்கிலிருந்து கொண்டல். ஒவ்வொன்றுக்கும் குணம் வேறு. வாடை மழையோடு வரும், கச்சான் காய்ந்துபோய் விடாமல் அடிக்கும்.

1964 டிசம்பர் புயல் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தனுஷ்கோடிக்குப் போன வண்டியே போய்விட்டது. பாலத்தின் கர்டர்களில் 126 கடலுக்குள் விழுந்தன. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் 46 நாளில் திரும்ப நிறுத்தினார். அவரை ஊரே அறியும். நீங்கள் சொல்லும் ஆளை இன்றுதான் கேள்விப்படுகிறேன்.

---

ஓய்வு வாத்தியார் | ஞாயிறு, பிற்பகல் 2.20

பாம்பன் பெரியவர் ஐயா, டேவன்போர்ட்டின் ஆய்வுச் சாரத்தை நாலு வரியில் சொல்லிவிட்டீர்கள். நான் இதை வகுப்பில் சொல்ல ஒரு வாரம் எடுத்துக்கொள்வேன்.

கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய காலத்தில் காற்று என்றால் ஒரு நிலையான எடை. சதுர அடிக்கு இத்தனை பவுண்டு என்று ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு பக்கவாட்டில் தள்ளிப் பார்ப்பார்கள். 1879 டிசம்பர் 28 இரவு ஸ்காட்லாந்தில் டே பாலம் புயலில் விழுந்தது, மேலே போய்க்கொண்டிருந்த ரயிலோடு. அதன் வடிவமைப்பில் காற்றுக்கு உருப்படியான இடமே கொடுக்கப்படவில்லை. அந்த அதிர்ச்சியில் அடுத்ததாகக் கட்டிய ஃபோர்த் பாலத்துக்குச் சதுர அடிக்கு 56 பவுண்டு என்று கடுமையாக விதித்தார்கள்.

அதன் பொறியாளர் பெஞ்சமின் பேக்கருக்கு அந்த எண் உறுத்தியது. பாலத்தின் நடுவே இருந்த சின்னத் தீவில் பலகைகளை நட்டார். ஒன்றரைச் சதுர அடிப் பலகைகளும், 300 சதுர அடியில் ஒரு பெரிய பலகையும். ஒரே தீவு, ஒரே புயல். ஆனால் பெரிய பலகையில் சதுர அடிக்கு விழுந்த அழுத்தம் சின்னப் பலகையைவிடக் குறைவாகவே வந்தது.

ஏன்? காற்றடி ஒவ்வொன்றுக்கும் ஓர் உருவ அளவு உண்டு. சின்ன அடி சின்னப் பலகையை முழுக்க மூடும், பெரிய பலகையின் ஒரு மூலையை மட்டும் தொடும். மற்ற மூலையில் அந்த நொடியில் காற்று மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். ஒரு கிலோமீட்டர் நீளப் பாலத்தின் எல்லா இடத்திலும் ஒரே நொடியில் உச்சக் காற்று அடிக்காது. பேக்கர் இதைக் கண்ணால் பார்த்தார். கணக்காக்க அவரிடம் கருவி இல்லை. ஏறத்தாழ எண்பது வருடம் கழித்து அந்தக் கணக்கைப் போட்டவர் டேவன்போர்ட்.

காற்றில் எந்த அளவு அடியில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று ஓர் அலைவரிசைப் பட்டியல் போட்டார். ஓரிடத்து அடிக்கும் பக்கத்திடத்து அடிக்கும் எவ்வளவு ஒட்டுறவு என்று இன்னொன்று. கட்டமைப்பு எந்தத் தாளத்தில் ஆடும் என்பதை இவற்றோடு சேர்த்தார். கடைசியில், ஒரு மணி நேரப் புயலில் வரக்கூடிய மிகப் பெரிய ஆட்டம் எது என்று நிகழ்தகவில் கேட்டார். கட்டுமானனின் உதவியாளர் கேட்ட "ஜி" பிறந்த வீடு இதுதான்.

ஒரு சின்ன உதாரணம் போட்டுப் பாருங்கள். 5 நொடிக்கு ஒருமுறை ஆடும் கட்டடம், ஒரு மணி நேரத்தில் 720 முறை ஆடும். 720இன் இயல் மடக்கை 6.58. இரட்டித்தால் 13.16. வர்க்கமூலம் 3.63. அதோடு 0.577ஐ 3.63ஆல் வகுத்துக் கூட்டினால் ஏறத்தாழ 3.8. இதுதான் அந்த ஜி. சராசரி ஆட்டத்துக்கு மேலே, திட்டவிலக்கத்தைப் போல (ஆட்டம் சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) 3.8 மடங்கு உச்சம் வரும் என்று பொருள். இரண்டு வரிச் சூத்திரம், 1964இல் எழுதியது. எத்தனை நாட்டு விதிநூல்களுக்குள் அது போய் உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்.

இன்னொரு விஷயம். அமெரிக்காவின் டகோமா நேரோஸ் தொங்குபாலத்தை எல்லோரும் இங்கே இழுப்பார்கள், முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். 1940 நவம்பர் 7இல் அது விழுந்தது காற்றடியால் அல்ல. மணிக்கு 67 கிலோமீட்டர் அளவிலான, பெரிய புயல் என்று சொல்ல முடியாத காற்றில், பாலத்தின் ஆட்டமே காற்றிலிருந்து மேலும் மேலும் ஆற்றலை உறிஞ்சிக்கொண்டு முறுக்கியது. அது வேறு நோய். "ஒத்ததிர்வு" என்று பள்ளிப் புத்தகத்தில் எழுதுவதை நிறுத்தினால் நல்லது. டகோமாவுக்குப் பிறகு எல்லோரும் சீரான காற்றில் பாலத்தைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, "இயற்கைக் காற்று சீரானது இல்லையே" என்று கேட்டதுதான் டேவன்போர்ட்டின் வேலை.

---

நீலச்சட்டை | ஞாயிறு, மாலை 6.48

கடற்படை விமானப் பிரிவில் தொழில்நுட்பப் பணியில் இருந்தவன் நான். அரக்கோணம் ராஜாளியிலும் கொஞ்ச காலம், உச்சிப்புளி பருந்து நிலையத்திலும் கொஞ்ச காலம். பாம்பன் பெரியவர் சொல்லும் கச்சான் எனக்கும் பழக்கம். ஓடுபாதை ஓரத்துக் காற்றுப்பை விறைத்துக்கொண்டு ஒரே பக்கம் நிற்கும், பார்க்கவே சலிப்பாக இருக்கும்.

கடற்படை விமானிக்கும் தரையிலுள்ள தளத்து விமானிக்கும் காற்றோடு உள்ள உறவு வேறு. விமானம் தாங்கிக் கப்பலில் காற்று எதிரி அல்ல, பாதி இயந்திரம் அதுதான். விமானத்தை ஏற்றவும் இறக்கவும் கப்பலையே காற்றுக்கு எதிராகத் திருப்புவார்கள். கப்பலின் வேகமும் காற்றின் வேகமும் சேர்ந்து தளத்தின்மேல் ஓடும் காற்று எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். அதே காற்று கப்பலின் மேல்கட்டடத்தில் பட்டு உடைந்து பின்பக்கம் சுழலும். இறங்க வரும் விமானி கடைசிச் சில நொடிகளில் அந்தச் சுழலுக்குள் நுழைவார். விமானம் திடீரென்று கீழே அமுங்கும். அந்த அமுக்கத்தை ஒருமுறை உடம்பில் வாங்கியவர் "சராசரிக் காற்று" என்ற சொல்லை ஜென்மத்துக்கும் நம்ப மாட்டார்.

டேவன்போர்ட் எந்த விமானத்தில் என்ன செய்தார் என்ற கதைக்குள் நான் போகவில்லை. ஆனால் தடைக்குப் பின்னால் காற்று உடைவதையும், மேலே போகப் போக அது மாறுவதையும் இருக்கையில் உட்கார்ந்து உணர்ந்தவர் ஒருவர் பாலப் பொறியாளர் ஆனது பாலங்களுக்கு நல்லதாகப் போயிற்று.

---

சந்தேகப் பிராணி | ஞாயிறு, இரவு 7.30

அழகாக இருக்கிறது. ஆனால் இது கதை கட்டுவது இல்லையா? விமானத்தில் குலுங்கினார், அதனால் சூத்திரம் பிறந்தது. ஆப்பிள் விழுந்தது, ஈர்ப்பு விசை பிறந்தது. உலகத்தில் லட்சம் விமானிகள் குலுங்கினார்கள், சூத்திரம் எழுதியவர் ஒருவர்தான். எழுதவைத்தது புள்ளியியல்.

---

ஓய்வு வாத்தியார் | ஞாயிறு, இரவு 8.10

நண்பரே, பாதி ஒப்புக்கொள்கிறேன். மறுபாதிக்கு ஆதாரம் இருக்கிறது, அது குலுங்கலில் இல்லை.

அந்தப் புள்ளியியலே விமானத் துறையிலிருந்து வந்ததுதான். கொந்தளிப்பில் விமான இறக்கை எப்படி அதிரும் என்பதை நிகழ்தகவு முறையில் கணக்கிடும் வழியை 1952இல் கலிபோர்னியாவில் லீப்மன் என்பவர் எழுதினார். டேவன்போர்ட் அதை எடுத்துப் பாலத்துக்கும் கோபுரத்துக்கும் பொருத்தினார். பாலத்தளத்தை ஒரு நீண்ட இறக்கையாகப் பார்த்தார் என்றே சொல்லலாம். பிரிஸ்டலில் அவருக்கு வழிகாட்டிய ஆல்ஃபிரட் பக்ஸ்லி யார் தெரியுமா? இளமையில் கார்டிங்டனில் வான்கப்பல் கட்டும் இடத்தில் வேலை பார்த்தவர். பிறகு தொங்குபாலங்களில் பேர்போனவர். விமானம், பாலம் என்று நாம் இரண்டு வகுப்பறையாகப் பிரித்துவைத்திருப்பது அந்தத் தலைமுறையில் ஒரே வராந்தா.

ஆகவே விமானி வாழ்க்கை சூத்திரம் தரவில்லை என்பது சரி. எந்த அலமாரியில் தேட வேண்டும் என்று அது சொல்லிக்கொடுத்திருக்கும். சாதாரணக் கட்டுமானப் பொறியாளன் விமான இதழைப் புரட்ட மாட்டான். நான் புரட்டியதில்லை.

---

சந்தேகப் பிராணி | ஞாயிறு, இரவு 8.22

லீப்மன் விஷயம் தெரியாது. பாதியை நானும் விட்டுக்கொடுக்கிறேன்.

---

குளிர்நாட்டான் | திங்கள், அதிகாலை 4.50

உங்களுக்குத் திங்கள், எனக்கு இன்னும் ஞாயிறு மாலைதான். ஒன்டாரியோவில் இருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் மாணவனாக வெஸ்டர்னின் காற்றுக்குகையைப் பார்க்கப் போனேன். பார்த்ததை எழுதுகிறேன்.

காற்றுக்குகை என்றதும் விமானம் சோதிக்கும் வழவழப்பான குழாய் என்று நினைத்துப் போனேன். உள்ளே போனால் தச்சுப் பட்டறை போல இருந்தது. அறை நீளமானது. 1965இல் தொடங்கிய முதல் குகையின் சோதனைப் பகுதியே சுமார் 24 மீட்டர். தரை முழுக்க மரக்கட்டைகளும் நுரைக்கட்டைகளும் வரிசை வரிசையாக. கிட்டத்தட்ட ஒரு பொம்மை நகரம். மாதிரிக் கட்டடம் காற்று வரும் பக்கத்தில் இல்லை, கடைசியில், ஒரு வட்டத் தட்டின்மேல். காற்று அந்த மரக்கட்டை நகரம் முழுக்க உரசிக்கொண்டு வந்து, தரையருகே தடுமாறி, மேலே வேகமாகி, அசல் ஊர்க் காற்றின் குணத்தைப் பெற்ற பிறகுதான் மாதிரியை அடையும். எல்லைப்படலம் என்பது அந்த உரசல் அடுக்குதான். வட்டத் தட்டைப் பத்துப் பத்து டிகிரியாகத் திருப்பினால் எல்லாத் திசைக் காற்றும் ஆயிற்று.

மாதிரியைத் தூக்கிக் காட்டினார்கள். வெளியே கண்ணாடி போலப் பளபளப்பு. அடியில் நூற்றுக்கணக்கான மெல்லிய பிளாஸ்டிக் குழாய்கள், அவியல் போட்ட இடியாப்பம் போல. ஒவ்வொரு குழாயும் சுவரில் ஒரு ஊசித்துளையில் முடிகிறது. அந்தத் துளையின் அழுத்தம் எவ்வளவு என்று எண்ணிக்கொண்டே இருக்கும்.

அந்தக் கட்டைகளை எடுத்துவிட்டு வேறு கட்டைகளை அடுக்கினால் திறந்தவெளி, புறநகர், நடுநகர் என்று ஊரே மாறும். 1960லேயே டேவன்போர்ட் இதற்கு எண் கொடுத்திருக்கிறார். உயரம் கூடக்கூட வேகம் கூடும் விதத்தைச் சொல்லும் அடுக்கு எண், திறந்தவெளிக்கு 0.16, புறநகருக்கு 0.28, நகர மையத்துக்கு 0.40. மண்டபத்தில் சட்டை ஆடும், பாலத்தில் ஆளே ஆடுவான் என்று பெரியவர் சொன்னதை அந்த எண்களோடு சேர்த்துப் படித்துச் சிரித்துக்கொண்டேன்.

---

கட்டுமானன் | திங்கள், காலை 9.05

"அவியல் போட்ட இடியாப்பம்" என்பது எந்த ஊர்ச் சாப்பாடு என்று தெரியவில்லை, ஆனாலும் படம் கண்ணில் நிற்கிறது. நன்றி.

இரட்டைக் கோபுரக் கதையையும் எழுதிவிடுகிறேன். 1964இல் அதன் கட்டுமானப் பொறியாளர் லெஸ்லி ராபர்ட்சன், டேவன்போர்ட்டை அழைத்தார். வெஸ்டர்ன் ஆய்வகம் அப்போது இல்லை. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜாக் செர்மாக்கின் நீண்ட காற்றுக்குகையில் சோதனை. கோபுரம் நிற்கும், சந்தேகமில்லை. கேள்வி வேறு: மேல்மாடியில் உட்கார்ந்திருப்பவருக்கு ஆட்டம் தெரியுமா, தலை சுற்றுமா? அதற்காக ஓரிகனில் கண் பரிசோதனை என்று சொல்லி ஆட்களை வரவழைத்து, அவர்கள் அறியாமல் அறையையே மெல்ல ஆட்டிப் பார்த்தார்கள். எதிர்பார்த்ததைவிடச் சின்ன ஆட்டமே பலருக்குத் தெரிந்துவிட்டது. விளைவு, ஒவ்வொரு கோபுரத்திலும் சுமார் 10,000 அதிர்வு விழுங்கிகள். இன்றைக்கு அப்படி ஒரு சோதனை செய்தால் வழக்குப் போடுவார்கள்.

---

இரும்புத்தூண் | திங்கள், காலை 10.40

சிட்டிகார்ப் கதையை யாரும் சொல்லவில்லையா? எனக்கு அவரிடம் பிடித்ததே அந்த இடம்தான்.

நியூயார்க்கில் 59 மாடிக் கட்டடம், 1977இல் முடிந்தது. மூலையில் ஒரு தேவாலயம் இருந்ததால் தூண்களை மூலையில் வைக்க முடியாமல் நான்கு பக்கங்களின் நடுவில் வைத்தார்கள். வடிவமைத்தவர் வில்லியம் லெமெஷுரியர். 1978இல் கணக்கைத் திரும்பப் பார்க்கிறார். மூலைவாட்டில் காற்று அடித்தால் குறுக்குத் தாங்கிகள் சிலவற்றில் விசை 40 சதவீதம் கூடுகிறது. இணைப்புகளைப் பற்றவைப்பதாக இருந்தது, போல்ட் போட்டு முடித்துவிட்டார்கள் என்பதும் தெரிகிறது. வயிற்றில் புளியைக் கரைக்கிறது. நேரே விமானம் ஏறி ஒன்டாரியோ லண்டனுக்கு வந்து டேவன்போர்ட் முன்னால் உட்கார்கிறார். அந்தக் கட்டடத்தின் முதல் சோதனையும் அங்கேதான் நடந்தது.

அங்கே கிடைத்த பதில் ஆறுதல் அல்ல. 40 சதவீதம் என்பது காகிதக் கணக்கு, அசல் புயலில் கட்டடம் அதிரும்போது அதைவிட மோசமாகலாம் என்பதுதான் பதில். தன்னை நம்பி வந்த சக பொறியாளரிடம், அவருடைய தொழில் வாழ்க்கையே கேள்விக்குறியாக இருக்கும் நேரத்தில், "பெரிதாக ஒன்றும் இல்லை" என்று சொல்வது எவ்வளவு சுலபம். சொல்லவில்லை. அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் லெமெஷுரியர் உண்மையை உரிமையாளரிடம் சொன்னார். இரவு இரவாக 200க்கும் மேற்பட்ட இணைப்புகளின்மேல் இரண்டு அங்குல எஃகுத் தகடுகளைப் பற்றவைத்தார்கள். பொதுமக்களுக்கு விஷயம் தெரிந்தது 1995இல்.

நானும் ஓர் இடத்தில் இப்படிக் கேள்வி கேட்டவன். பெயர் வேண்டாம். ஒரு விளம்பரப் பலகைச் சட்டத்துக்குக் காற்றுக் கணக்குப் போட்டுப் பார்த்து, அடித்தளம் போதாது என்றேன். "இத்தனை வருடமாக நிற்கிறதே" என்றார்கள். அதற்கு மேல் நான் பேசவில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு மாலை மழையில் அது விழுந்தது, நல்லவேளை, கீழே ஆள் இல்லை. அந்த மாலையிலிருந்து லெமெஷுரியரைவிட டேவன்போர்ட்டைத்தான் அதிகம் நினைக்கிறேன்.

---

வேதாரண்யத்தாள் | திங்கள், மாலை 5.15

நீங்கள் எல்லோரும் ஐம்பது மாடி, ஒரு கிலோமீட்டர் பாலம் என்று பேசுகிறீர்கள். எங்கள் வீடு ஒரு மாடிகூட இல்லை. 2018 நவம்பர் 16, கஜா. விடிகாலை இரண்டு மணிக்கு அப்பா எங்களை எல்லாம் நடு அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். மேற்கூரை தகரம். முதலில் மேற்கு மூலையில் ஒரே ஒரு ஆணி கிறீச்சிட்டது. பிறகு அந்த மூலைத் தகரம் படபடவென்று தட்டிக்கொண்டது, யாரோ மேலே ஏறி அடிப்பதைப் போல. பிறகு சத்தமே இல்லை. நிமிர்ந்து பார்த்தால் மூலையில் வானம். நடுக்கூரை கடைசிவரை நின்றது. தென்னை அறுபத்து மூன்றில் மிஞ்சியது ஐந்து.

ஏன் மூலை மட்டும் முதலில் போகிறது? அப்பா இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

---

ஓய்வு வாத்தியார் | திங்கள், மாலை 6.30

அம்மா, உங்கள் அப்பாவின் கேள்விக்குப் பதில் சொன்னதும் அதே ஆய்வகம்தான்.

எழுபதுகளில் டேவன்போர்ட், சர்ரி, ஸ்டாதோபூலோஸ் மூவரும் தாழ்வான தகரக்கூரைக் கட்டடங்களை அந்தக் குகையில் வைத்துச் சோதித்தார்கள். உயரமானவற்றுக்கு மட்டும் விஞ்ஞானம், சின்னவற்றுக்கு உத்தேசம் என்று இருந்த காலம். காற்று கூரையை அமுக்குவதில்லை, உறிஞ்சி மேலே இழுக்கிறது. சுவரில் மோதி மேலேறும் காற்று கூரை விளிம்பில் பிய்ந்து சுழலாகிறது. மூலைவாட்டில் அடித்தால் இரண்டு விளிம்பிலும் இரண்டு கூம்புச் சுழல் உருண்டு, மூலையில் உறிஞ்சல் நடுக்கூரையைவிடப் பல மடங்காகும். அதனால்தான் இன்றைய விதிநூல்களில் மூலைக்கும் விளிம்புக்கும் தனி எண் இருக்கிறது.

அப்பாவிடம் சொல்லுங்கள்: திரும்பப் போடும்போது மூலையிலும் விளிம்பிலும் ஆணிக்குப் பதில் ஜே-போல்ட், இடைவெளி நடுவில் இருப்பதில் பாதி. செலவு அதிகம் ஆகாது. கூரையைச் சட்டத்தோடும், சட்டத்தைச் சுவரோடும், சுவரை அடித்தளத்தோடும் கட்ட வேண்டும். எந்த இடத்தில் கட்டு விட்டாலும் காற்று அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிடும்.

டேவன்போர்ட் தன் முறையையே சங்கிலி என்றுதான் சொல்வார். வட்டாரத்தின் காற்றுக் குணம், தரையின் கரடுமுரடு, வடிவத்தின்மேல் காற்று ஓடும் விதம், கட்டமைப்பின் அதிர்வு, எவ்வளவு வரை பொறுக்கலாம் என்ற வரம்பு. ஐந்து கண்ணி. 2011இல் உலகக் காற்றுப் பொறியியல் சங்கம் அதற்கு அவர் பெயரையே வைத்தது.

---

வேதாரண்யத்தாள் | திங்கள், மாலை 6.52

அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "ஜே-போல்ட் அப்போதே தச்சர் சொன்னார், நான்தான் காசு பார்த்தேன்" என்கிறார்.

---

புதுமுகம் | திங்கள், இரவு 10.20

கட்டுமானன் ஐயாவிடம் கேள்வி கேட்ட பையன் நான்தான். 720க்குப் போட்டேன், 3.79 வந்தது. பத்து நொடிக்கு ஒருமுறை ஆடும் பாலத்துக்குப் போட்டால் 3.60. ஆட்டம் பாதியாகக் குறைந்தும் ஜி கொஞ்சம்தான் இறங்குகிறது, ஏன்?

---

கட்டுமானன் | திங்கள், இரவு 10.31

மடக்கை அப்படித்தான் தம்பி, எண்ணிக்கை பாதியானாலும் அது அசைந்து கொடுக்காது. நாளை காலை வா, கரும்பலகையில் போட்டுக் காட்டுகிறேன். தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்திலும் ஒரு எல்லைப்படலக் காற்றுக்குகை இருக்கிறது. அனுமதி வாங்கி ஒருநாள் கூட்டிப் போகிறேன். குளிர்நாட்டான் சொன்ன இடியாப்பத்தை நேரில் பார்க்கலாம்.

---

பாம்பன் பெரியவர் | செவ்வாய், காலை 6.10

அங்கே போய்விட்டு இங்கேயும் வாருங்கள். புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்துவிட்டார்கள், நடுத்தாவல் லிஃப்ட் மாதிரி மேலே போகிறது. நான் சாலைப் பாலத்தில் நின்று காட்டுகிறேன். கச்சான் நேரம் என்றால் பிற்பகலில் வாருங்கள், அடியும் மூச்சும் நன்றாகத் தெரியும். தொப்பி வேண்டாம், போன மாதம் பேத்தியுடையது கடலுக்குப் போய்விட்டது.